ஒயரைப் பிடுங்கினவன்

அந்த ஓரத்துல உக்காராதீங்க தம்பி, வெயில் திரும்பினா மூஞ்சியில அடிக்கும். இப்படி வாங்க. துண்டை எடுத்துக்குறேன், உக்காருங்க. என்ன கேஸு, பாகப்பிரிவினையா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சரி சரி, சொல்ல வேணாம். கோர்ட்டு வராண்டாவுக்கு எவனும் சந்தோசமா வர்றதில்ல. நான் மட்டுந்தான் இன்னிக்கு தெம்பா உக்காந்திருக்கேன். ஏன்னா நான் குத்தவாளி இல்ல, சாட்சி. உத்திராபதின்னு பேரு. டவாலி கூப்பிட்டாருன்னா ஒரு தட்டு தட்டிச் சொல்லுங்க, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.

எதுக்க பெஞ்சுல பாருங்க. பட்டுன்னு திரும்பாதீங்க, மெதுவாப் பாருங்க. வெள்ளைச் சட்ட போட்டுக்கிட்டு, வலது கைய மடியில போட்டுக்கிட்டு ஒல்லியா ஒருத்தன் உக்காந்திருக்கான்ல, அவனுக்கு எதிராத்தான் சாட்சி. ஜெபின்னு பேரு, நாகர்கோவில் பக்கத்துப் பையன். அறுப்பு மிஷின் கம்பெனியில இன்ஜினியரா இருந்தான். இன்னிக்கு நான் சொல்ற சொல்லுலதான் அவன் ஜெயிலுக்குப் போறதும் வீட்டுக்குப் போறதும் இருக்கு. அவன் பக்கத்துல தூக்குவாளி வச்சுக்கிட்டு ஒரு பொம்பள உக்காந்திருக்கா பாருங்க, அவ என் தங்கச்சி. பவுனாம்பாள். கூடப் பொறந்த பொறப்பு. என் பக்கம் தலையத் திருப்ப மாட்டா.

சிரிக்காதீங்க தம்பி. எனக்கு வயிறு எரியுது.

ஊர்ல கேட்டா என்னைக் கோவக்காரன்னு சொல்லுவாங்க. அப்படிச் சொன்னவன் ஒருத்தனை பஸ் ஸ்டாண்டுலயே வச்சு செவுள்ல ரெண்டு விட்டேன். இனிமே சொல்லுவியாடான்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னான். எனக்குக் கோவமே வராது தம்பி. நியாயம் கேப்பேன், அவ்வளவுதான். நியாயம் கேக்குறப்ப கை கொஞ்சம் முன்னால போயிரும்.

என்கிட்ட செயின் மிஷின் இருக்கு, கதிர் அறுக்குற மிஷினு. சேத்து வயல்ல டயர் மிஷின் இறங்காது, பொதைஞ்சுக்கும். செயின் மிஷின்தான் இறங்கும். தை பொறந்து சம்பா பழுத்துட்டா என் வீட்டு வாசல்லதான் கூட்டம் நிக்கும். நானே வாங்கினேன், நானே ஓட்டுறேன். வேற எவனையும் சீட்டுல உக்கார விடமாட்டேன். ஒரு தடவ என் மச்சான் ஏறி உக்காந்து ஆரன் அடிச்சான்னு காலைப் பிடிச்சு இழுத்துக் கீழ தள்ளினேன்.

எங்க வழக்கம் என்னன்னா, பொங்கல் கழிச்சு மிஷினுக்குச் சூடம் காட்டி, முதல் வயலா தங்கச்சி வயல்லதான் இறக்கணும். அண்ணன் செய்ற சீரு மாதிரி அது. அவ புருஷன் போய்ச் சேந்துட்டான். கோயில் நெலத்தைக் குத்தகைக்கு வச்சு அவளே நட்டு, அவளே களை பறிச்சு, ஒத்தைப் பொம்பளையா நின்னு வெள்ளாமை பண்றவ. அந்த நெல்லுதான் அவளுக்கு வருசத்துக்கும் சோறு. அந்த வருசம் கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிட்டுது. பண்ணைக்காரரு ஒருத்தரு காரைப் போட்டுக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாரு. பெரிய மனுசன், எப்படி மறுக்குறது? அவரு வயல முடிச்சிட்டு இவ வயலுக்கு வர்றதுக்குள்ள மானம் கறுக்க ஆரம்பிச்சிட்டுது. இன்னமும் ஊர்ல பாக்குறவங்ககிட்டல்லாம் அதைச் சொல்லிக் காட்டுறாளாம். அதை விடுங்க.

பண்ணைக்காரரு வயல முடிக்கிற நேரத்துலயே சென்சார் ஒண்ணு போயிட்டுது. கதிரடிக்கிற டிரம்மு எவ்வளவு வேகமா சுத்துதுன்னு பாக்குற சாமான். கட்டைவெரல் தண்டிதான் இருக்கும். கம்பெனிக்குப் போன் போட்டா சீசனு, சாமான் வர நாளாகும்னாங்க. தஞ்சாவூர்ல ஒரு கடையில அதே மாதிரி, அச்சு அசலா அதே சாமான் கெடைச்சுது. வாங்கி நானே மாட்டினேன். பவுனு வயல்ல இறக்கிச் சாவியத் திருப்பினா இன்ஜின் ஓடுது, கத்தி சுத்தல. முன்னால டிவி மாதிரி ஒண்ணு இருக்குல்ல, அதுல செவப்பா பூட்டுப் படம் வந்து நிக்குது.

மறுபடி கம்பெனிக்குப் போன். ஒரு பொண்ணு தேன் ஒழுகப் பேசுது. "சார், நீங்க வெளிச் சாமான் போட்டிருக்கீங்க. மிஷின் அதை ஏத்துக்காது. எங்க ஆளு லேப்டாப்போட வந்து அனுமதி குடுத்தாத்தான் ஏத்துக்கும். வெளிச் சாமானுக்கு நாங்க அனுமதி குடுக்குறதில்ல."

"என் மிஷினுக்கு நான் சாமான் மாட்டுறதுக்கு நீ யாரும்மா அனுமதி குடுக்க?"ன்னேன்.

"மிஷின் உங்களுதுதான் சார். உள்ள ஓடுற புரோகிராம் எங்களுது. அதுக்கு காப்பிரைட்டு இருக்கு. வெளி ஆளை வச்சு அந்தப் பூட்டை உடைச்சா சட்டப்படி குத்தம். மிஷினையே மொத்தமா நிறுத்திருவோம்."

கேட்டீங்களா அநியாயத்தை? மாட்டை எனக்கு வித்துட்டு, அது அசை போடுறது மட்டும் எங்களுதுன்னு எவனாவது சொல்லுவானா? அப்படியே போனை வரப்புல அடிச்சேன். தெறிச்சுப் போச்சு. அப்பறம் ஏறிப் போயி அந்த டிவியில ஸ்பேனரால ஒரு போடு போட்டேன். கண்ணாடி விரிஞ்சுது, பூட்டுப் படம் மட்டும் அப்படியே நிக்குது, திமிரா.

வயலப் பாத்திருக்கணும் நீங்க. அம்புட்டும் பழுத்து தலை சாஞ்சு நிக்குது. சேத்துல கதிர் படுத்து மேல ஒரு மழை பேஞ்சிட்டா நின்ன இடத்துலயே முளைச்சிரும். அறுக்க ஆளு? இப்ப எவன் தம்பி அருவாளைத் தூக்கிக்கிட்டு வர்றான்? வேற மிஷினும் இல்ல, எல்லாம் ஒவ்வொரு ஊர்ல மாட்டிக்கிட்டு நிக்குது. பவுனு வரப்புல குந்திக்கிட்டு மானத்தையே பாக்குறா. சோறு திங்கல. அவ அழுதிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன். எனக்குப் பின்னால அறுக்கணும்னு முறை போட்டு வச்ச ஊர்க்காரன் எல்லாம் வந்து மிஷினைச் சுத்தி நின்னுக்கிட்டு, "என்ன உத்திராபதி, என்ன உத்திராபதி"ன்னு உசுர வாங்குறான்.

ஒரு ஞாயித்துக்கிழமை. கடைத்தெருவுக்குப் போயி ஒரு டீயக் குடிச்சிட்டு, சரி, டீ இல்ல, எதையோ குடிச்சிட்டு, திரும்பி வர்றேன். என் மிஷின்ல ஒருத்தன் ஏறியிருக்கான். கம்பெனிச் சட்ட போடல. பைக்கை மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால ஒளிச்சு நிறுத்தியிருக்கான். நல்ல காரியத்துக்கு வர்றவன் வண்டிய ஒளிப்பானா? சீட்டைத் தூக்கிட்டு அடியில இருக்குற இரும்புப் பொட்டிக்குள்ள தோள் வரைக்கும் கைய விட்டுக்கிட்டுப் படுத்திருக்கான். நான் பாக்கப் பாக்க ஒரு ஒயரை வெடுக்குன்னு பிடுங்குறான். டிவி அணைஞ்சு போச்சு.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. மொத்தமா நிறுத்திருவோம்னு சொன்னாள்ல அந்தப் பொண்ணு! நிறுத்த ஆளு அனுப்பிட்டாங்கன்னு நெனைச்சேன். யாரா இருந்தாலும் அதைத்தான் நெனைப்பான்.

மேல தாவினேன். அவன் கை உள்ளதான் இருக்கு. என்னைப் பாத்துட்டு, "அண்ணே, ஒரு நிமிசம்"ங்கிறான். என்னடா ஒரு நிமிசம்? அந்த இரும்பு மூடிய அப்படியே அறைஞ்சு சாத்தினேன் கை மேல. சாத்தி, அது மேல ஏறி நின்னேன். கத்தினான் பாருங்க, ஆத்துக்கு அந்தாண்ட கேட்டிருக்கும். கத்துறப்பவும் "ஒரு நிமிசம்ணே, ஒரு நிமிசம்ணே"ன்னுதான். ஏன்டா, உன் கம்பெனி எங்களுக்கு ஒரு நிமிசம் குடுத்துச்சாடான்னு குதிச்சேன். குதிச்சப்ப மூடிக்கு அடியில என்னமோ நொறுங்குறது என் காலுக்குத் தெரிஞ்சுது.

அப்பறம் மூடியத் தூக்கி, சட்டையப் பிடிச்சு இழுத்து வயல்ல எறிஞ்சேன். சேத்துல விழுந்தான். ஊர்க்காரன் எல்லாம் ஓடியாந்தான். "யாருடா இவன்?" "கம்பெனிக்காரன்! மிஷினை நிறுத்த வந்தவன்!" அவ்வளவுதான். தர்ம அடி. காலால மிதிக்கிறவன் மிதிக்கிறான், வைக்கல் கயித்தால விளாசுறவன் விளாசுறான். நான் மட்டுமா அடிச்சேன்? போலீஸ்ல எல்லாப் பயலும் உத்திராபதிதான்னு கையக் காட்டிட்டான். ஸ்பேனர் மட்டுந்தான் நான். தோள்ல ஒண்ணு, விலாவுல ஒண்ணு. தலையில அடிக்கல. அந்த அளவுக்கு எனக்கு நிதானம் இருந்துச்சு.

பவுனு எங்கேர்ந்து ஓடியாந்தாளோ தெரியல. அவன் மேல குப்புற விழுந்துட்டா. "அடிக்காதண்ணே, நான்தான் வரச் சொன்னேன், அவரு நம்மளுக்குத்தான் செய்றாரு, விடுண்ணே"ன்னு கத்துறா. அந்தக் கூச்சல்ல எனக்கு எதுவும் காதுல விழல. இப்பச் சொல்றேனேன்னு பாக்காதீங்க, பின்னால எல்லாரும் சொல்லித் தெரிஞ்சது. அவளைப் பிடிச்சு விலக்கினேன். என் கையக் கடிச்சா. ஒரு தட்டு தட்டினேன். தட்டினேன், அவ்வளவுதான். அவளுக்கு முன்னாடியே ஆடிக்கிட்டிருந்த பல்லா இருக்கணும். இல்லாட்டி ஒரு தட்டுக்குப் பல்லு விழுமா?

அவன் பையில லேப்டாப் இருந்துச்சு. எடுத்து அவன் மடியில போட்டு, "தொறடா பூட்டை"ன்னேன். அவனும் தொறக்குறேண்ணே, தொறக்குறேண்ணேன்னுதான் சொன்னான். வாய்ல ரத்தம். ஆனா அது வெரல் வச்சாத்தான் தொறக்கும். எந்த வெரல்? வலது கை வெரல். அதை அவன் தூக்குறான், தூக்க வரல. நானே அவன் கையப் பிடிச்சு வெரலை எடுத்து வச்சேன். ஏத்துக்கல. ரத்தம் வழுக்குது, என் வேட்டியால துடைச்சு வச்சேன். ஏத்துக்கல. அது வெரல் மாதிரியே இல்ல தம்பி, வீங்கிப் பிதுங்கிப் போச்சு. வேற நம்பர் கிம்பர் இருந்தா சொல்லுடான்னு உலுக்கினேன். கண்ணு மேல சொருகிட்டுது. அது என் தப்பா, சொல்லுங்க? வெரலை வச்சாத் தொறக்குற மாதிரி பொட்டி செஞ்சது அவங்கதானே? மனுசன் வெரலை நம்பி ஒரு பூட்டைப் போடுவானா எவனாவது?

பவுனுதான் டிராக்டர்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா. அவ வயல அப்படியே போட்டுட்டுப் போனா. பொழுது சாயுறதுக்குள்ள மழை பிடிச்சுது. அப்படி ஒரு மழைய தை மாசத்துல நான் பாத்ததில்ல. வயலு குளமாயிட்டுது. தண்ணி வடிஞ்சு போயிப் பாத்தா கதிர்லயே பச்சையா முளை விட்டு நிக்குது. ஒரு மூட்டை தேறல. அவ குத்தகைய விட்டுட்டா. இப்பக் கண்டவன் வயலுக்குக் கூலிக்குப் போறா. நான் சோறு போட மாட்டேன்னா சொன்னேன்? அரிசி மூட்டையக் கொண்டு போயி வாசல்ல இறக்கினேன். தெருவுல கொட்டிட்டா. கோழி திங்குது. அன்னிக்கு ராத்திரி நான் அழுதேன் தம்பி, பொய் சொல்லல.

என்ன கேட்டீங்க? ஆமா. அதைத்தான் சொல்ல வர்றேன். அந்த ஒயரு என்ன ஒயருன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. மிஷினுக்குள்ள ஒரு சிம்மு இருக்காம். நம்ம என்ன பண்றோம்னு அது கம்பெனிக்குச் சேதி சொல்லிக்கிட்டே இருக்குமாம். அந்த ஒயரைப் பிடுங்கிட்டா சேதி போகாது. பிடுங்கிட்டு, அவன் பென் டிரைவுல வச்சிருந்த ஏதோ புரோகிராமைப் போட்டா பூட்டு தொறந்துக்கும், வெளிச் சாமானை ஏத்துக்கும், கம்பெனிக்கும் தெரியாது. பக்கத்து ஊர்ல மிஷின் பாக்க வந்தப்ப அவன் நம்பரை வாங்கி வச்சிருந்தாளாம் பவுனு, அவனுக்குப் போன் பண்ணி அழுதிருக்கா. மனசு கேக்காம லீவு நாள்ல வந்திருக்கான். யாருக்கும் சொல்லாதீங்கம்மான்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் மிஷின்ல ஏறியிருக்கான்.

சரி, வந்தான். வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? அண்ணே, நான் உங்களுக்காகத்தான் வந்திருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் காலத் தொட்டுக் கும்புட்டிருப்பேன். ஒரு நிமிசம், ஒரு நிமிசம்னா எனக்கு என்ன தெரியும்?

அப்பறந்தான் கம்பெனிக்காரங்க வந்தாங்க. மெட்ராஸ்லேர்ந்து வக்கீல், கூட ரெண்டு பேரு. ஆஸ்பத்திரிக்குப் போவாங்கன்னு நெனைச்சேன், நேரா என் வீட்டுக்கு வந்துட்டாங்க. நான் ஆடிப் போயிட்டேன், அடிச்சதுக்குத்தான் வந்திருக்காங்கன்னு. வக்கீலு என் கையப் பிடிச்சுக்கிட்டு, "உத்திராபதி அய்யா, உங்க மேல எங்களுக்கு வருத்தமே இல்ல"ங்கிறாரு. "அவன் எங்க வீட்டுத் திருடன். எங்க புரோகிராமைக் காப்பி எடுத்து வச்சுக்கிட்டு எங்க பூட்டையே தொறக்கப் பாத்திருக்கான். இப்படி ஒருத்தனை விட்டா ஊரெல்லாம் பூட்டு தொறந்துரும். நீங்க கண்ணால பாத்தவரு. அவன் ஒயரைப் பிடுங்கினதைப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்"னேன்.

"அதை மட்டும் கோர்ட்டுல சொல்லுங்க. போதும்."

அவ்வளவு மரியாதையா என்கிட்ட எவனும் பேசினதில்ல தம்பி. காப்பி குடுத்தா எந்திரிச்சு நின்னு வாங்கிக்கிறாரு. மிஷினை எடுத்துட்டுப் போயி, புது டிவி வச்சு, கம்பெனி சென்சாரே மாட்டி, பூட்டைத் தொறந்து, கழுவி, வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தினாங்க. என் மேல இருக்குற அடிதடி கேஸையும் அவரே நல்லபடியா முடிச்சுத் தர்றேன்னிருக்காரு. இனிமே வெளிச் சாமான் போட மாட்டேன்னு கையெழுத்துக் கேட்டாங்க, போட்டுட்டேன். மிஷின் பூ மாதிரி ஓடுது.

அதென்ன தம்பி, அப்படிப் பாக்குறீங்க? அப்பத் திட்டினேன், அப்ப எனக்குத் தெரியாது. வக்கீலு வெளக்கமாச் சொன்னாரு. ஒருத்தன் ராப்பகலா மூளையக் கசக்கி எழுதினதை இன்னொருத்தன் திருட்டுத்தனமாத் தொறந்தா அது களவுதானே? நம்ம வீட்டைத் தொறந்தா விடுவோமா? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. எல்லாரும் இஷ்டத்துக்குப் பூட்டை உடைச்சா நாடு என்னாகும்?

இப்ப அவனுக்கு வேலையும் இல்ல. கையும் அப்படித்தான், மூணு வெரல் மடங்காது. சாப்புடுறப்பப் பாக்கணும், பவுனுதான் சோத்தைப் பெசைஞ்சு உருண்டையா அவன் இடது கையில வைக்கிறா. வாய்தாவுக்கு வாய்தா வேலைய விட்டுட்டு வந்துடுறா. எனக்கு ஒரு காலத்துல அப்படித்தான் உருட்டிக் குடுப்பா, எங்க அம்மா செத்தப்பறம். கூடப் பொறந்தவன் இங்க காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்காம உக்காந்திருக்கேன். எவனோ ஒருத்தனுக்கு அங்க புளிச்சோறு. எந்திரிச்சுப் போயி அந்தத் தூக்குவாளிய ஒரே எத்தா எத்தணும்னு காலு துடிக்குது. கோர்ட்டாச்சேன்னு பாக்குறேன்.

என்னது? கூப்பிட்டுட்டாங்களா? உத்திராபதின்னா? வர்றேங்க, வந்துட்டேன்! துண்டை எடுங்க தம்பி, நீங்க அது மேல உக்காந்திருக்கீங்க.

இருங்க. இருங்க, எந்திரிச்சு வர்றா. இங்கதான் வர்றா. அட, என்கிட்டத்தான்...

என்ன பவுனு.

ம்.

ம்... சரி. கேட்டாச் சொல்றேன்.

கேட்டாச் சொல்றேன்னுட்டேன்ல? போ, போயி உக்காரு. எல்லாரும் பாக்குறாங்க.

கேட்டீங்களா தம்பி அவ சொன்னதை? ஆடி, தை எல்லாம் போயி இன்னிக்குத்தான் வாயத் தொறந்து அண்ணேன்னா. "எதுக்குப் பிடுங்கினாருன்னும் சொல்லுண்ணே"ங்கிறா. கேட்டாச் சொல்றேன்னேன். "கேக்க மாட்டாங்கண்ணே, நீயாச் சொல்லு"ன்னுட்டுப் போறா. கேக்காததைச் சொல்லக் கூடாதுன்னு வக்கீலு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. இவளுக்கு கோர்ட்டு நடைமுறை என்ன தெரியும்? நீங்களே இவ்வளவு நேரம் கேட்டீங்க. அவன் ஒயரைப் பிடுங்கினான்னு நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா?

வர்றேங்க, வர்றேன்! இந்த இடத்தைக் கொஞ்சம் பாத்துக்குங்க தம்பி, வேற யாரையும் உக்கார விட்டுடாதீங்க. ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்களாம். சொல்லிட்டு உடனே வந்துடுறேன்.